ஒரு பல் கோணலாக

அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது முகமல்ல, இரண்டு விரல்கள். வலது கையின் இரண்டு விரல்கள், நடுவில் ஒரு பென்சில். முழங்கை மேசையை விட்டு எழும்பாது. கூட்டத்தில் எல்லோரும் ஒரு விடயத்துக்குக் கையை உயர்த்தி முடிந்ததும் "எதிர்ப்பு?" என்று அவரே கேட்பார். ஒருத்தரும் அசையமாட்டார்கள். அவர் சுற்றிவரப் பார்ப்பார், சூப்பு ஆறுகிறதே என்ற கவலை கொஞ்சமும் இல்லாமல். பிறகு அந்த இரண்டு விரலையும் பென்சிலோடு மெல்ல நிமிர்த்துவார். அவரே கொண்டுவந்த பிரேரணையாக இருந்தாலும் அதே கதைதான். நத்தார்ப் பண்டிகைக் கூட்டத்துக்கு எந்தக் கேக் வாங்குவது என்று முடிவெடுத்த நாளிலும் ஒரு எதிர்ப்பு விழுந்தது.

கிழக்கு ஜெர்மனியில், ஆற்றோரம் ஒரு சின்ன ஊர். அங்கே சந்தை வளவில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் நான் இருபது வருடத்துக்கு மேல் சமைத்தேன். கடையின் பின்னறையில் மாதம் ஒரு செவ்வாய் மாலை ஒரு கட்சி கூடும். அந்தக் கட்சியை அந்த ஊரில் தொடங்கியவர்களில் ஒருவர்தான் இந்த அம்மா. பெயர் சொல்லவில்லை. சொன்னாலும் உங்களுக்கு வாயில் வராது. நாங்கள் அவரைப் பல்லம்மா என்றுதான் சொல்வோம். அவருடைய தொழில் பல்லுக் கட்டுவது. பல் வைத்தியர் அளவெடுத்து அனுப்ப, தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்துகொண்டு கட்டுப்பல் செய்து கொடுப்பார். ஊரில் ஐம்பது வயது தாண்டியவர்களில் பாதிப்பேர் அவருடைய பல்லால்தான் அப்பிள் கடித்தார்கள்.

அவர் பேசியது ஜெர்மன். ஆனால் என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறார். அதை மாற்ற எனக்குத் தெரியவில்லை, மாற்ற விருப்பமும் இல்லை. அப்படியே எழுதுகிறேன்.

எனக்கும் அவர் ஒரு பல் செய்து தந்தார். மேல்வரிசையில், முன்பக்கம், இடது கைப்பக்கம். அந்தப் பல் போன கதையைப் பிறகு சொல்கிறேன். புதுப் பல்லை வைத்தியர் பொருத்திவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டினார். பார்த்தேன். பல் கொஞ்சம் திரும்பி நின்றது. பக்கத்துப் பல்லின் தோளில் சாய்கிற மாதிரி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அகதி என்பதால் ஏனோதானோ என்று செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்போது எனக்கு ஜெர்மன் தெரியாது. பல்லைக் காட்டிக் காட்டிக் கையால் சண்டை போட்டேன். ஹைமில், அதுதான் அகதிகளை வைத்திருந்த விடுதியில், மொழிபெயர்க்கக் கூடிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்கே போனேன்.

அவர் மேசையில் வரிசையாகப் பற்கள் இருந்தன. சிரிக்க ஆளில்லாத சிரிப்புகள். அவற்றில் ஒரு தாடையை எடுத்து என் கையில் வைத்தார்.

"வடிவாப் பாரும். எல்லாம் நேரா இருந்தால் கட்டுப்பல்லு எண்டு தூரத்திலையே தெரிஞ்சிடும். ஒண்டு கோணலா இருந்தால்தான் சொந்தப் பல்லு மாதிரி. நான் ஆருக்குச் செய்தாலும் ஒண்டைக் கோணலாத்தான் வைக்கிறனான்."

நம்பாமல்தான் திரும்பி வந்தேன். ஆனால் இன்றுவரை என்னிடம் ஒருத்தரும் அது கட்டுப்பல்லா என்று கேட்டதில்லை. மனைவிக்கே கலியாணமாகி மூன்றாம் மாதம் நான் சொல்லித்தான் தெரியும்.

கட்சியின் நல்ல காலத்தை நான் காணவில்லை. முதலாளி சொல்லித்தான் தெரியும். கடை முதலாளி, பெரிய வயிறும் சின்னக் குரலும் உள்ள மனிதர், அவரும் தொடக்கத்திலிருந்தே கட்சியில் இருந்தவர். பழைய ஆட்சி ஆட்டம் கண்ட அந்த இலையுதிர் காலத்தில் தேவாலயத்தில் மெழுகுதிரியோடு பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்களாம். அடுத்த கிழமை தேவாலயம் நிறைந்து வழிந்ததாம். அதற்கடுத்த கிழமை தெருவில் இறங்கி "நாங்கள்தான் மக்கள்" என்று கத்திக்கொண்டு போனார்களாம். முன்வரிசையில் பல்லம்மா. ரகசியப் பொலிசின் அலுவலக வாசலில் நின்று, கதவைத் திறக்கச் சொல்லி மணியை அழுத்தியதும் அவர்தான். "மணி அடிச்சாப்பிறகு காலைத் துடைச்சிட்டு உள்ளுக்குப் போனவ" என்று முதலாளி சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப் பிறந்த கட்சி அது. பழைய ஆட்சியையும் வேண்டாம் என்றது, மேற்கிலிருந்து பெட்டியோடு வந்திறங்கிய பெரிய கட்சிகளிடமும் தலையைக் கொடுக்கமாட்டேன் என்றது. முதல் சுதந்திரத் தேர்தலில் நாடு முழுக்க அதற்கு வாக்கு விழவில்லை. மக்கள் பெரிய கட்சிகளின் பின்னால் போய்விட்டார்கள். ஆனால் எங்கள் ஊரில் மட்டும் நகரசபையில் நல்ல இடம் கிடைத்தது. நகரபிதாவைச் சபை உறுப்பினர்கள்தான் தெரிவு செய்யவேண்டும். தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர், பல்லம்மாவோடு சேர்ந்து கட்சியைத் தொடங்கியவர், அவரை நிறுத்தினார்கள். மற்றக் கட்சிகளோடும் பேசி எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று. ஒரு வாக்குக்கூட எதிராக விழாது என்று ஊரே சொன்னது.

வாக்குச் சீட்டு ரகசியம். எண்ணிப் பார்த்தால் பெரும்பான்மைக்கு ஒரு வாக்குக் குறைந்தது. ஒத்துக்கொண்டவர்களில் சிலர் உள்ளுக்குள் காலை வாரிவிட்டிருந்தார்கள். அது அரசியல், எங்கும் நடப்பதுதான். ஆனால் அந்த ஒரு வாக்கு?

பல்லம்மா அங்கேயே எழுந்து சொன்னாராம், அது தன்னுடையது என்று. எல்லோரும் ஆதரிக்கப் போகிறார்கள் என்று நம்பியிருந்தார். பழைய காலத்தில் எந்தத் தேர்தலிலும் தொண்ணூற்றொன்பது வீதம். கொடுக்கிற தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வருவார்கள். அதனால் வாக்களிக்கப் போவதையே அந்த ஊர்க்காரர் 'மடிக்கப் போவது' என்பார்களாம். முதல் சுதந்திர நகரபிதாவும் அப்படி முழு வாக்கோடு வரக்கூடாது, ஒன்றாவது எதிராக இருக்கட்டும் என்று, தன் சொந்த நண்பனுக்கு எதிராகப் புள்ளடி போட்டிருக்கிறார்.

ஓர்கன்காரர் அந்தக் கோடையில் குடும்பத்தோடு மேற்குக்குப் போய்விட்டார். கட்சி இரண்டாக உடைந்தது, ஒரு பாதி பெரிய கட்சிக்குப் போனது. "அவ ஒரு நல்ல மனுசி, கட்சியைச் சாக்காட்டினதும் அவதான்" என்று முதலாளி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். இப்படியும் ஒரு மனுசி இருக்குமா?

என் பல் போன கதைக்கு வருகிறேன். என்னையும் இன்னும் சிலரையும் அந்த ஊரின் ஓரத்தில், பழைய தொழிலாளர் விடுதி ஒன்றில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். காகித ஆலை மூடி ஊரில் பாதிப்பேருக்கு வேலை போயிருந்த நேரம். எங்களை எடுத்துவிட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்பதற்கு ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சமூகசேவை அலுவலகத்துப் பெண் ஒருத்தி, எங்கள் முகத்தைப் பார்த்தால் மனம் இளகும் என்று நினைத்து, என்னையும் இன்னொரு பெடியனையும் கூட்டிக்கொண்டு போனாள். இருவரும் சுவரோரமாக நின்றோம். எங்களுக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் கை விளங்கும். ஒருவர் மேடையில் ஏதோ வாசிக்க மண்டபம் முழுக்கக் கை எழுந்தது. அத்தனை கை ஒன்றாக எழுந்ததை நான் அதற்குமுன் யாழ்ப்பாணத்தில்தான் கண்டிருக்கிறேன்.

பிறகு இன்னொரு கேள்வி. ஒரு கையும் எழவில்லை. நடுவரிசையில் ஒரு கதிரை பின்னால் தள்ளுண்டு தரையில் அரைபட்டது. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு அம்மா எழுந்து நின்றார். நிமிர்ந்து, கையை முழுதாக, தலைக்கு மேல் உயர்த்தினார். மேடையில் இருந்தவர் அவருடைய கையைக் குறித்துக்கொண்ட பிறகும் அவர் இறக்கவில்லை. யாரோ விசிலடித்தார்கள். அவர் அப்படியே நின்றார்.

சில நாள் கழித்து, பொழுதுபடுகிற நேரம், ஹைமின் யன்னலுக்குள்ளால் கல் வந்தது. நான் தேநீர்க் கோப்பையோடு யன்னலோரம் நின்றிருந்தேன். பல் போனது அப்படித்தான். அடுத்த நாள் காலையில் அந்தச் சாம்பல் கோட்டு அம்மா வாசலில் நின்றார். என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து வைத்தியரிடம் கொண்டுபோனதும் அவர்தான்.

அதனால் எனக்கு அவர் ஒரு தெய்வம் மாதிரி. கொஞ்சக் காலம்தான். குசினியில் வேலைக்குச் சேர்ந்து, மொழி பிடிபட்டு, பின்னறைக் கூட்டங்களுக்குச் சூப்புக் கொண்டுபோகத் தொடங்கியபிறகு அந்த இரண்டு விரல் பென்சில் விளையாட்டைக் கண்டேன். ஓர்கன்காரரின் கதையையும் கேட்டேன். மண்டைக்குள் ஒரு எறும்பு ஊரத் தொடங்கியது. அன்று மண்டபத்தில் அவர் எங்களுக்காகவா எழும்பினார்? இல்லை, எல்லோரும் ஒருபக்கம் நின்றதற்காகவா? அவருக்குக் கை தூக்க நாங்கள் வெறும் சாட்டா?

முதலாளியிடம் கேட்டேன். தன் பிறந்தநாளையே எதிர்க்கிற மனுசி, அதையெல்லாம் பெரிதாக எடுக்காதே என்றார். எனக்கு அது போதவில்லை. ஒரு செவ்வாய் அவர் நேரத்தோடு வந்து தனியாக இருந்தபோது நேரே கேட்டேன்.

"அண்டைக்கு எல்லாரும் எங்களை வேணும் எண்டு கை தூக்கியிருந்தால் என்ன செய்திருப்பியள்?"

யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுசி, அது பெரிய வியாதி.

"எதிர்த்துத்தான் தூக்கியிருப்பன்" என்றார். "எல்லாரும் ஏன் ஓம் எண்டவை எண்டு கேட்டிருப்பன். பிறகு உங்களுக்குக் கேக் கொண்டுவந்திருப்பன்."

எனக்குக் கோபம் உச்சிவரை ஏறியது. குசினிக்குப் போய் அவருடைய சூப்பை மட்டும் வேறாக எடுத்து வைத்தேன். நான் பருப்புச் சூப்புக்குச் சீரகமும் செத்தல் மிளகாயும் தாளித்துப் போடுவேன், அந்தக் கட்சிக்காரர் அதற்காகவே வருகிறார்கள் என்று முதலாளி சொல்வார். அன்று அவருக்குத் தாளிதம் போடாமல் வெறும் பருப்பை அனுப்பினேன். ஒரு கரண்டி குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இண்டைக்குச் சூப்பு ஏகமனதா இருக்கு."

சிரிக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. தாளிதத்தைக் கொண்டுவந்து ஊற்றினேன். ஆனால் எறும்பு போகவில்லை.

அவர் ஏன் அப்படியானார் என்பதை ஒரேயொரு தடவைதான் சொன்னார். நான் கேட்கவும் இல்லை. கடை மூடியிருந்த ஒரு மதியம், மழை, குசினி மேசையில் இருந்து உருளைக்கிழங்கு உரித்துத் தந்துகொண்டிருந்தார். இளம்வயதில் ஒரு மருத்துவமனையின் பல்லுக் கட்டும் கூடத்தில் வேலை செய்தாராம். அங்கே கூட வேலை செய்த ஒருவர் மேற்குக்கு எல்லை கடக்கப் போன தன் தம்பியைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைக் கண்டித்து, அவரை வேலையை விட்டு நிறுத்த ஊழியர் கூட்டம் போட்டார்கள்.

"ஆதரிக்கிற ஆக்கள் எண்டு கேட்டினம். எல்லாரும் தூக்கினம். நானும் தூக்கினன். பக்கத்திலை பாக்கிறன், அவரும் தூக்கிறார்."

"ஆர்?"

"அவர்தான். தன்னை நிப்பாட்டச் சொல்லி அவரும் கையைத் தூக்கிறார். ஏகமனதா நிறைவேறினது எண்டு வாசிச்சினம். அவர் கையை இறக்க மறந்துபோனார். ஆரோ ஒராள் பிடிச்சு இறக்கிவிட்டது."

உருளைக்கிழங்கின் தோல் ஒரே நாடாவாக விழுந்துகொண்டிருந்தது. அதன்பிறகு கை நிறைந்த அறையைக் கண்டால் தனக்கு உடம்பு குளிரும் என்றார்.

எனக்கு அப்போது சின்ன மாமா ஞாபகம் வந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரிலும் ஒருகாலம் எல்லாம் ஏகமனதாகவே நடந்தது. வாசிகசாலையில் ஆயுதம் தூக்கிய எங்கள் இயக்கப் பெடியள் வைத்த கூட்டத்தில் மாமா ஒரு கேள்வி கேட்டார். மற்ற இயக்கத்துப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகள்தானே, அவர்களை ஏன் கொல்கிறீர்கள் என்று. மூன்றாம் நாள் சைக்கிளில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். நான் அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. மாமாவின் சைக்கிள் மட்டும் வேலியோடு நின்றது. இதை அவருக்குச் சொன்னேன். ஜெர்மனில் சொல்வது சுகமாக இருந்தது, வேறு யாரோவின் கதை மாதிரி.

அவர் கத்தியை வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"கூட்டத்திலை வேற ஆர் எழும்பினது?"

"ஒருத்தரும் எழும்பேல்லை."

தலையை ஆட்டினார். பிறகு அடுத்த கிழங்கை எடுத்தார்.

கட்சி தேய்ந்ததை நான் பாத்திரத்தில்தான் அளந்தேன். நான் சேர்ந்த புதிதில் கூட்டத்துக்குக் கிடாரத்தில் சூப்பு வைத்தேன். பின்னறையின் மடிப்புக் கதவைத் திறந்து கடைக்குள்ளும் கதிரை போடுவார்கள். பெர்லினில் இருந்த தலைமை ஒரு பெரிய கட்சியோடு சேர்ந்துகொண்டது. எங்கள் ஊர்க்கிளை சேரமாட்டோம் என்று முடிவெடுத்தது. சேரக்கூடாது என்று அரைமணி நேரம் பேசியவர் பல்லம்மா. எல்லோரும் அதற்குக் கை தூக்கியதும் எதிராக விழுந்த இரண்டு விரலும் அவருடையவை. அறை குலுங்கச் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் அது அன்பான சிரிப்பு.

பிறகு பானை போதும் என்றானது. இளம் ஆட்கள் வேலை தேடி மேற்குக்குப் போனார்கள். கிழவர்கள் செத்தார்கள். நகரசபையில் ஒரு கதிரைதான் மிஞ்சியது, அதில் பல்லம்மா. பின்னறைக்குச் சூடேற்றுவது வீண் என்று முதலாளி அவர்களை அடுப்போரத்து வட்டமேசைக்கு மாற்றினார். பானை போய்ச் சட்டி வந்தது. ஆனாலும் அதே "எதிர்ப்பு?", அதே காத்திருப்பு. வாய்விட்டுச் சிரிக்க ஆள் இல்லாததால் முகத்தைச் சுளித்தார்கள்.

அப்போதுதான் திங்கட்கிழமை ஊர்வலங்கள் திரும்பி வந்தன. எங்களைப் போன்றவர்கள் வரக்கூடாது என்று கத்துகிற ஊர்வலம். ஆனால் கத்திய வசனம் பழையது. "நாங்கள்தான் மக்கள்." முதல் திங்கள் பல்லம்மா எங்கள் கடை யன்னலோரம் நின்று பார்த்தார். இடுப்பு எலும்பு தேய்ந்து கைத்தடி பிடிக்கத் தொடங்கியிருந்தார். ஊர்வலம் போய் முடிந்தும் அவர் திரும்பவில்லை. நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அது எங்கடை வசனம்" என்றார். "அதைக் கத்தின வாயளைப் பாத்தனீரோ? பாதி என்ரை பல்லு."

அன்றைய அவருடைய முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

கடைசிக் கூட்டம் ஒரு பங்குனிச் செவ்வாய். ஊரின் நகரபிதா அடுத்த தேர்தலுக்குப் புதிதாக ஒரு அணி கட்டியிருந்தார். கட்சி இல்லை, ஊர்க்காரர் அணி என்றார். அதன் முதல் வாக்குறுதி, பழைய காகித ஆலைக் கட்டடத்தில் அகதிகளைக் குடியேற்ற விடமாட்டோம் என்பது. கட்சிக் கிளையைக் கலைத்துவிட்டு எல்லோரும் அந்த அணியில் சேரவேண்டும் என்று பிரேரணை. கொண்டுவந்தவர் மருந்துக்கடைக்காரர், மிச்சமிருந்தவர்களில் இளையவர், அன்றைக்குத் தலைமையும் அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. உள்ளே போய் இருந்தால்தான் கொஞ்சமாவது திருத்தலாம், வெளியே நின்று சூப்புக் குடித்து என்ன காணப்போகிறோம் என்றார். நியாயமான பேச்சுத்தான். முதலாளி கூடத் தலையாட்டினார்.

பல்லம்மா எதிர்த்துப் பேசினார். நன்றாகப் பேசவில்லை. சுற்றி வளைத்து, தேவாலயத்தையும் மெழுகுதிரியையும் இழுத்து, நடுவில் ஒரு பெயரை மறந்து தடுமாறினார். மற்றவர்கள் சூப்பைப் பார்த்தார்கள். அந்தக் கட்சியை விட்டால் அவருக்கு வேறு ஒன்றும் இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். ஆதரவு என்று கேட்டதும் மேசையைச் சுற்றிக் கைகள் எழுந்தன. முதலாளியின் கையும். நான் குசினி வாசலில் அகப்பையோடு நின்றேன்.

"எதிர்ப்பு?" மருந்துக்கடைக்காரர் அதைக் கேட்கும்போதே சிரித்தார். எல்லோரும் பல்லம்மாவின் வலது கையைப் பார்த்தார்கள், எங்கே பென்சில் என்று.

பென்சில் மேசையில் கிடந்தது. அவர் இரண்டு கையையும் மேசையில் ஊன்றினார். கதிரை பின்னால் அரைபட்டது. கைத்தடி சரிந்து விழுந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. இடுப்பு விடவில்லை, பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி எழும்பினார். அடுப்புச் சூட்டில் முகம் சிவந்திருந்தது. நேரே நின்று கையை முழுதாக, தலைக்கு மேல் உயர்த்தினார்.

அப்படி அதற்குமுன் ஒரு தடவைதான் நான் அவரைக் கண்டிருக்கிறேன், ஊர் மண்டபத்தில் சுவரோரமாக நின்று.

"ஏன் கஷ்டப்பட்டு எழும்பிறியள்?" என்றார் மருந்துக்கடைக்காரர். "வழமைபோல இருந்துகொண்டே தூக்கலாமே." மேசை சிரித்தது. ஏகமனதாக நிறைவேறியது, வழமையான ஒன்றைத் தவிர, என்று அறிவித்தார்.

"இது வழமையானது இல்லை" என்றார் பல்லம்மா.

இன்னும் சிரித்தார்கள். இத்தனை வருடப் பகிடியின் கடைசி வரி என்று நினைத்துவிட்டார்கள். சொந்த நண்பனையே விழுத்திய கை அல்லவா, இதை யார் நம்புவது? கைகள் இறங்கிக் கரண்டிகளைத் தேடின. அவர் கையை இறக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் என்னிடம் வந்து நின்றது அந்தப் பார்வை.

"நீர் பாத்தனீர்தானே?"

"ஓம்" என்றேன். "பாத்தனான். அண்டைக்கு மண்டபத்திலையும் பாத்தனான்."

அப்போதுதான் கையை இறக்கினார். நான் போய்க் கைத்தடியை எடுத்துக் கொடுத்தேன். அவர் சூப்பைத் தொடாமல் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். என் மண்டைக்குள் அத்தனை வருடம் ஊர்ந்த எறும்பு அன்றோடு நின்றது. அது நின்றதில் எனக்கு ஒரு சந்தோசமும் இருக்கவில்லை. குசினிக்குள் போய்ச் சட்டியைக் கழுவினேன், கழுவிய சட்டியைத் திரும்பக் கழுவினேன்.

அதன்பிறகு அவர் கடைப்பக்கம் வரவில்லை. அடுத்த மாரியில் செத்துப்போனார். செத்தவீட்டுக்கு ஊரே வந்தது. நகரபிதா நல்ல உரை ஒன்று நிகழ்த்தினார். சனநாயகத்துக்காக நின்ற பெண்மணி என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். ஒருவர் முணுமுணுத்தார், பக்கத்தில் இருந்தவர் புன்னகைத்தார், எங்கும் அவருடைய பற்கள். எதிர்ப்பு என்று கேட்க ஆள் இல்லாமல் அவரை மண்ணுக்குள் வைத்தோம். முதலாளிக்குப் பிறகு கடையையும் மூடிவிட்டார்கள். நான் மகள் இருக்கிற டுசல்டோர்ஃப் பக்கம் வந்துவிட்டேன்.

இங்கே எங்கள் ஆட்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. தமிழ் வகுப்பு, விளையாட்டுப்போட்டி, கார்த்திகையில் போரில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றுதல். எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் பிரேரிப்பார், ஒருவர் வழிமொழிவார், ஏகமனதாகத் தெரிவு. எங்களுக்குள் போட்டி வந்தால் வெட்கக்கேடு என்பார்கள். போன கார்த்திகைக்கு முன்னால் நான் தலைவரிடம் ஒரு விண்ணப்பம் வைத்தேன், சின்ன மாமாவுக்கும் ஒரு விளக்கு ஏற்றவேண்டும் என்று. தலைவர் என் மகளின் வயதுப் பெடியன், மரியாதையான பிள்ளை. "பாப்பம் அண்ணை" என்றான்.

இந்த வருடக் கூட்டத்தில் அவன் வாசித்த பிரேரணையில் மாமாவின் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. எங்கள் ஆட்களே கொண்டுபோனவர்களுக்குச் சங்கத்தில் விளக்கு இல்லை என்பதை, வீண் பிரச்சினைகளைத் தவிர்ப்பதற்காக என்று தொடங்கி வடிவான தமிழில் எழுதியிருந்தார்கள். எல்லாருக்கும் சம்மதம்தானே என்று கேட்டான். மண்டபம் முழுக்கக் கை எழுந்தது. எனக்குத் தெரிந்த கைகள், என்னோடு சேர்ந்து சாப்பிட்ட கைகள். எனக்குப் பக்கத்தில் இருந்தவரின் தமையனையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவருடைய கையும் மேலே நின்றது.

என் நாக்கு அந்தக் கோணல் பல்லைத் தேடிப் போனது.

எதிர்ப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. தலைவர் அடுத்த தாளைப் புரட்டினான். நான் முன்கதிரையைப் பிடித்தேன். எனக்கும் இப்போது முழங்கால் சரியில்லை. கதிரை பின்னால் அரைபட்ட சத்தம் அந்த மண்டபத்தில் பெரிதாகக் கேட்டது. எழும்பி நின்றேன்.

தலைவர் நிமிர்ந்து பார்த்தான். கையைக் காட்டி மரியாதையாகச் சொன்னான்.

"அண்ணை, பாத்றூம் அந்தப் பக்கம்."

சிலர் சிரித்தார்கள்.

"இல்லைத் தம்பி" என்றேன். "எதிர்ப்பு."